கிறிஸ்தவர் மது அருந்தலாமா? கானாவூர் திராட்சரசத்தை முன்வைத்து ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குடியை விட்டு எட்டு மாதம் ஆன தம்பியைப் பற்றி அவருடைய அண்ணன் கேட்டிருக்கிறார். "இயேசுவே கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிக் கொடுத்தாரே, அளவோடு குடித்தால் என்ன?" என்று நண்பர்கள் தம்பியை வற்புறுத்துகிறார்கள். சபையில் உள்ளவர்களோ, "அது வெறும் பழச்சாறு, வேதத்தில் மதுவுக்கு இடமே இல்லை" என்கிறார்கள். யார் சொல்வது சரி? அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தின்போது தம்பி பாத்திரத்தை வாங்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் வசனத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள், ஆனால் அதைக் கொண்டு உங்கள் தம்பியைக் குழிக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். சபையார் நல்ல ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்காக வேதத்தை வளைக்கிறார்கள். வளைக்க வேண்டிய தேவையே இல்லை. குடிக்காமல் இருப்பதற்கு வேதத்திலேயே இதைவிட வலுவான காரணம் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு சொல்லிலிருந்தே வருகிறது. ரசம் என்றால் சாறு. ஆகவே "திராட்சரசம்" என்று படித்ததும் பிழிந்த பழச்சாறு மனத்தில் தோன்றுகிறது. ஆனால் நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பையே திறந்து ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நோவா குடித்து வெறிகொண்டு கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தது எதனால்? அங்கேயும் "திராட்சரசம்" என்றுதான் இருக்கிறது. பழச்சாறு குடித்து யாரும் அப்படிக் கிடப்பதில்லை. எபிரெயத்தில் அங்கே உள்ள சொல் "யாயீன்". புளித்துப் பொங்கி மதுவாக மாறிய திராட்சரசத்துக்கு வழங்கும் சாதாரணப் பெயர் அது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் சுவாரசியமானது. யோவான் 2-இல் கானாவூரில் குறைவுபட்டதும், எபேசியர் 5:18-இல் அதனால் வெறிகொள்ளக் கூடாது என்று பவுல் எச்சரிப்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல்: "ஓய்னோஸ்". பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதல் இடத்தில் "திராட்சரசம்" என்றும், இரண்டாம் இடத்தில் "மதுபான வெறி" என்றும் எழுதியது. மொழிபெயர்த்தவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு, நல்ல இடங்களில் சாறும் கெட்ட இடங்களில் சாராயமும் இருப்பதாக ஒரு தோற்றம் உண்டாகிவிடுகிறது. அந்தத் தோற்றத்தின்மேல் எத்தனையோ பிரசங்கங்கள் கட்டப்பட்டுவிட்டன.

"தீரோஷ்" என்ற வேறொரு எபிரெயச் சொல் உண்டு, அது புது ரசத்தைக் குறிக்கும், அது புளிக்காதது என்று சிலர் வாதிடுவார்கள். ஓசியா 4:11 யாயீனையும் தீரோஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் இருதயத்தை மயக்கும் என்கிறது. அந்த வாதம் அதோடு நின்றுவிடுகிறது.

கானாவூர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறார் யோவான். அவர் சொல்லும் கிரேக்க அளவு ஏறத்தாழ 39 லிட்டர். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 470 லிட்டரிலிருந்து 700 லிட்டர் வரை வருகிறது. பந்தி விசாரிப்புக்காரன், எல்லாரும் முதலில் நல்லதைக் கொடுத்து, ஜனங்கள் திருப்தியாகக் குடித்தபின் ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்று வியப்போடு சொல்கிறான். குடித்தவர்களின் நாக்கு மந்தமாகிவிடும் என்பது தெரிந்தவனின் பேச்சு அது. பழச்சாறு விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே பொருள் இல்லை.

இன்னொரு எளிய காரணமும் உண்டு. இஸ்ரவேல் நாட்டில் திராட்சை அறுவடை கோடையின் கடைசியில் நடக்கும். இயேசு திருவிருந்தை ஏற்படுத்திய பஸ்கா பண்டிகையோ மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும். குளிர்சாதனமோ கிருமி நீக்கமோ இல்லாத காலத்தில், பிழிந்த சாறு சில நாள்களிலேயே தானாகப் புளித்துவிடும். பழத்தின் தோலிலேயே அதற்கான ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரை ஆண்டு கழித்துப் பஸ்கா மேசையில் இருந்தது மதுவாகத்தான் இருந்திருக்கும். புது ரசத்தைப் பழந்துருத்தியில் (பழைய தோல்பையில்) வார்த்தால் துருத்தி கிழியும் என்று இயேசு சொன்னதும் புளிக்கும்போது எழும் வாயுவின் அழுத்தத்தை மனத்தில் வைத்துத்தான். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறியாயிருந்தான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். அவர் அங்கே பாத்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. நடத்தையை மாற்றச் சொன்னார்.

யோவான்ஸ்நானன் திராட்சரசம் குடிக்கவில்லை, இயேசு குடித்தார். அதனால்தான் அவரைப் போஜனப்பிரியன், மதுபானப்பிரியன் என்று எதிரிகள் தூற்றினார்கள். லூக்கா 7-இல் அதை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். பழி பொய்தான். ஆனால் அவர் ஒரு துளியும் தொடாதவராக இருந்திருந்தால் அந்தப் பழி பிறந்திருக்கவே முடியாது.

இதுவரை படித்தால் நண்பர்கள் பக்கம் வெற்றி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். வேதம் திராட்சரசத்தைப் பற்றி இரண்டு குரலில் பேசுகிறது, இரண்டையும் மெய்யாகவே பேசுகிறது. மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் ஈவு என்று 104-ஆம் சங்கீதம் தேவனைத் துதிக்கிறது. உபாகமம் 14:26 பண்டிகைக்கு வருகிறவர்கள் திராட்சரசமும் மதுவும் வாங்கிக் கர்த்தருடைய சந்நிதியில் மகிழலாம் என்கிறது. அதே வேதத்தில் நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்கள் இருக்கின்றன. குடிநோயைப் பற்றி இவ்வளவு துல்லியமான வருணனையை நான் பழைய இலக்கியத்தில் வேறெங்கும் படித்ததில்லை. காரணமில்லாத காயங்கள், கலங்கிச் சிவந்த கண்கள், நடுக்கடலில் பாய்மரத்து உச்சியில் படுத்திருப்பவனைப் போன்ற தள்ளாட்டம், இல்லாததைக் காணும் கண். முடிவில் அந்த மனிதன் தானே பேசுகிறான்: என்னை அடித்தார்கள், நோகவில்லை, எப்பொழுது விழிப்பேன், மறுபடியும் அதைத் தேடிப் போக வேண்டுமே. அடிமைத்தனத்தின் முழு வடிவமும் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. வலி தெரிகிறது, சேதம் தெரிகிறது, ஆனாலும் முதல் நினைப்பு அடுத்த கோப்பைதான். உங்கள் தம்பி இந்தப் பகுதியைப் படித்தால் விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

ஆசாரியர்கள் பரிசுத்த ஸ்தலத்தில் பணிசெய்யும்போது குடிக்கக் கூடாது (லேவியராகமம் 10). நசரேய விரதம் பூண்டவர்கள் திராட்சப்பழத்தையும் வற்றலையும்கூடத் தொடக் கூடாது (எண்ணாகமம் 6). எரேமியா 35-இல் வரும் ரேகாபியர் தங்கள் தகப்பன் யோனதாபின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து தலைமுறை தலைமுறையாகத் திராட்சரசம் குடிக்கவில்லை. தேவன் அவர்களை எருசலேமுக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். கவனியுங்கள், எல்லாரும் ரேகாபியரைப் போல மதுவை விட வேண்டும் என்று அங்கே கட்டளை இல்லை. ஆனால் விட்டவர்களை யாரும் கேலி செய்யவும் இல்லை. வேதத்தில் விலகியிருத்தல் மரியாதைக்குரிய ஒரு தெரிவு. அதை நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் இந்தக் கேள்வி தலைகீழாக எழுந்தது. மதுவே தீமை, பொருளுலகமே அசுத்தம் என்று நினைத்த சில குழுக்கள் திருவிருந்திலும் தண்ணீரையே பயன்படுத்தின. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் அதை எதிர்த்து நீண்ட கடிதம் எழுதினார். கிறிஸ்து கொடுத்தது திராட்சரசம், அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்பது அவருடைய வாதம். 387-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதியதையே பிரசங்க வசனமாக எடுத்துக்கொண்டார். குடிகாரர்களைப் பார்த்துவிட்டு, மதுவே இல்லாதிருந்தால் நன்றாயிருக்குமே என்று பேசியவர்களை அவர் கண்டித்தார். திராட்சரசம் தேவனுடைய படைப்பு, வெறி பிசாசின் வேலை என்றார். குடிவெறியை அவரைவிடக் கடுமையாகச் சாடியவர்களும் அந்தக் காலத்தில் குறைவு.

திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து மது மொண்டுவர அவரை அனுப்புவார்களாம். விளையாட்டாக ஒரு துளி உதட்டில் நனைத்தார், நாளாக ஆகக் கோப்பை நிறையக் குடிக்கலானார். ஒருநாள் வேலைக்காரச் சிறுமி சண்டையில் "குடிகாரி" என்று சொல்லிவிட, அந்தச் சொல் தைத்து, அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது. பின்னாளில் திருச்சபை புனிதராகப் போற்றிய பெண்ணின் கதை இது. பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் துளி துளியாகத்தான் அது வந்து சேர்கிறது என்பதை அகுஸ்தீன் மறைக்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மது துறவிகளுக்கு உரியதே அல்ல என்று படிக்கிறோம், ஆனால் இக்காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியவில்லை, ஆகவே நிரம்பக் குடிக்காமலாவது இருப்போம் என்று சொல்லி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஹெமினா (பழைய ரோமர் முகத்தல் அளவு) என்று வகுத்தார். விலகியிருக்கும் பலம் யாருக்குக் கிடைத்திருக்கிறதோ அவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்றும் சேர்த்தார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தமும் இதை மாற்றவில்லை. லூத்தரின் வீட்டில் அவர் மனைவி காத்தரீனா பீர் காய்ச்சினார். கால்வினுக்கு ஜெனீவாவில் கிடைத்த ஊதியத்தில் திராட்சமதுவும் ஒரு பங்கு.

அப்படியானால் முழு மதுவிலக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலர் ஒரு முக்கியமான மாற்றத்தைக் கவனிப்பதில்லை. வேதகாலத்து மக்கள் அறிந்தது இயற்கையாகப் புளித்த மது. ஈஸ்ட் தானே உண்டாக்கும் ஆல்ககால் ஓர் அளவைத் தாண்டினால் ஈஸ்ட்டையே கொன்றுவிடும். ஆகவே அந்த மதுவின் வீரியத்துக்கு இயற்கையான எல்லை உண்டு. கிரேக்கரும் ரோமரும் அதையும் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். வாலையில் வடித்த சாராயம் பின்னால் வந்தது. ஐரோப்பாவில் பல காலம் மருந்தாக இருந்துவிட்டு, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஏழைகளின் தெருவுக்கு மலிவாக வந்து இறங்கியது. லண்டனில் ஜின் குடும்பங்களைச் சூறையாடிய காலத்தில், 1743-இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கங்களுக்கு வகுத்த பொது விதிகளில், மிகுந்த அவசியம் நேர்ந்தாலொழிய வடித்த சாராயத்தை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ கூடாது என்று எழுதினார். திராட்சமதுவை அவர் தடைசெய்யவில்லை. அவருடைய கோபம் சாராயத்தின் மீதும், அதை விற்றுப் பணம் சேர்த்தவர்கள் மீதும்.

1826-இல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கமும் முதலில் வடித்த சாராயத்தைத்தான் எதிர்த்தது. சில ஆண்டுகளிலேயே நடைமுறை வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. சாராயத்தை விட்டவர்கள் பீரிலும் திராட்சமதுவிலும் மறுபடி விழுந்தார்கள். 1832-இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஜோசப் லைவ்சியும் அவருடைய தோழர்களுமாக ஏழு பேர் எல்லா மதுவையும் விடுவதாக உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற கத்தோலிக்கக் குரு தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் அதே உறுதிமொழியை எடுத்தார்கள். மதுவிலக்கு புராட்டஸ்டன்ட் சரக்கு என்று நினைப்பவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். 1874-இல் அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் தனிச் சங்கமே அமைத்தார்கள். கணவனுடைய கூலி மதுக்கடையில் கரைந்துபோக, அடியை மட்டும் வீட்டில் வாங்கிய பெண்களுக்கு அன்று சட்டத்திலும் சொத்திலும் உரிமை மிகக் குறைவு. அவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று இன்று எழுதுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தங்கள் பிள்ளைகளின் சோற்றுக்காகப் பேசியவர்கள் அவர்கள்.

இந்தச் சூழலில்தான் "வேதத்தில் இருந்தது பழச்சாறு" என்ற வாசிப்பு பரவியது. நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், மெதடிஸ்ட் விசுவாசி, சூடாக்கிக் கிருமி நீக்கும் விஞ்ஞானி லூயி பாஸ்டரின் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தி 1869-இல் திராட்சச்சாறு புளிக்காமல் பாதுகாக்கும் முறையைக் கண்டார். திருவிருந்துக்காகவே செய்தார். ஆக, இன்று பல சபைகளின் சிறு கோப்பைகளில் இருக்கும் புளிக்காத சாறு, முதல் 1800 ஆண்டுகள் பெரும்பாலான கிறிஸ்தவர்களால் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் தம்பியைப் போன்றவர்கள் பயமில்லாமல் பந்திக்கு வர அது வழி திறந்தது.

இன்றைய நிலையைப் பொறுத்தவரை, கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், லுத்தரன், ஆங்கிலிகன் சபையார் மிதமாகக் குடிப்பதைப் பாவமாகக் கருதுவதில்லை. ஆர்த்தடாக்ஸ் மரபில் உபவாச நாள்களில் மது விலக்கு உண்டு. இரட்சணிய சேனையின் போர்வீரர்களும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் முழுவதும் விலகியிருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையாரில் மிகப் பலரும் அப்படியே. குடிவெறி பாவம் என்பதில் மட்டும் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது அந்த வலுவான காரணத்துக்கு வருகிறேன். ரோமர் 14-இல் பவுல் உணவும் பானமும் தன்னில்தானே தீட்டுள்ளது அல்ல என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, உன் சகோதரன் இடறி விழ அது ஏதுவானால் மாம்சம் புசியாமலும் மதுபானம் பண்ணாமலும் இருப்பதே நல்லது என்கிறார். "இடறல்" என்ற சொல்லை நாம் மலிவாக்கிவிட்டோம். யாரோ ஒருவர் முகம் சுளிப்பதைப் பவுல் சொல்லவில்லை. நான் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து விழுந்து அழிந்துபோகக்கூடிய ஒருவனைச் சொல்கிறார். கிறிஸ்து எவனுக்காக மரித்தாரோ அவனை உன் போஜனத்தினால் கெடுக்காதே என்பது அவருடைய வேண்டுகோள். இதன்படி பார்த்தால் நண்பர்களுடைய சுதந்தரத்துக்கு எல்லை குறிப்பது உங்கள் தம்பிதான். அவர் உட்காரும் மேசையில் குடிக்காமல் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். அவரை வற்புறுத்தி ஊற்றிக்கொடுப்பவன் பெயரை ஆபகூக் 2:15 "ஐயோ" என்ற சொல்லோடு சேர்த்தே சொல்கிறது.

நான் குடிப்பதில்லை. மதுவில் பாவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அல்ல. பல ஆண்டுகளாக வேதபாடம் நடத்துகிறேன். என் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் இரவெல்லாம் போராடிவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. என் கையில் கோப்பை இல்லாமல் இருப்பது அவருக்கு ஒரு சிறு துணையாக இருந்தால் போதும். குடிக்கிற கிறிஸ்தவர்களைக் குறைந்தவர்கள் என்று நான் நினைப்பதில்லை, அப்படி நினைக்கப் பவுல் அதே அதிகாரத்தில் தடை போட்டிருக்கிறார்.

"கொஞ்சம் குடித்தால் உடம்புக்கு நல்லது, தீமோத்தேயுவுக்குப் பவுலே சொன்னாரே" என்று நண்பர்கள் அடுத்துச் சொல்வார்கள். அந்த வசனம் வயிற்றுக் கோளாறு உள்ள ஒருவருக்கு அக்காலத்து மருத்துவம் சொன்ன ஆலோசனை. தீமோத்தேயு அதுவரை தண்ணீர் மட்டும் குடித்துவந்தார் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது, அதற்காகப் பவுல் அவரைக் குறைகூறவில்லை. மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று எதையும் சொல்ல முடியாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி உங்கள் தம்பியின் திருவிருந்து. நீங்கள் சாறு பயன்படுத்தும் சபையைச் சேர்ந்தவர்களானால் சிக்கல் இல்லை. ஆனாலும் அது சாறுதானா என்று போதகரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பண்டிகை நாளில் வேறு சபைக்குப் போனால் அங்கேயும் கேளுங்கள். திராட்சமது பயன்படுத்தும் சபையானால், அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். அப்பத்தின் வடிவத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. நூற்றாண்டுகளாக அங்கே மக்கள் அப்பத்தை மட்டுமே பெற்றார்கள். ஆங்கிலிகன் சபைகளிலும் ஒன்றை மட்டும் வாங்குவது முழுமையான பங்கேற்பாகவே கருதப்படுகிறது. குடிநோயிலிருந்து மீண்ட குருமார்களுக்கே, புளிப்பு தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட "முஸ்தும்" என்ற ரசத்தைப் பயன்படுத்தக் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதி தருகிறது. குருவுக்கே அந்த இடம் உண்டென்றால் உங்கள் தம்பி கூச்சப்பட எதுவும் இல்லை.

ஒரு துளிதானே, தேவன் காப்பார் என்று அவரைச் சோதனைக்குள் அனுப்பாதீர்கள். எட்டு மாதம் என்பது இன்னும் இளம்பயிர். மருத்துவரையும், மீண்டவர்கள் கூடும் குழுவையும் அவர் விட்டுவிடக் கூடாது. ஜெபம் போதும், குழு எதற்கு என்று யாராவது சொன்னால், 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்ற மீட்புக் குழு பிறந்ததே ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தின் வழியாகச் சந்தித்த இருவரால்தான் என்று சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். பாத்திரம் வரும்போது அவர் கடந்துபோக விட்டால், நீங்களும் அன்று அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.